வீட்டுல வாங்குற முட்டை யாருக்கு?

நாலு பேர் இருக்குற வீட்டுல, வயிறும் நிறைஞ்சு உடம்பும் தேற மாசம் எவ்வளவு காசு வேணும்? கொஞ்ச நாளா நோட்டுல போட்டு வெச்சிருந்த கணக்கை இங்க எழுதிடுறேன். நான் இருக்குறது வடபழனி. ஸ்டுடியோ வேலை, கட்டட வேலை, வீட்டு வேலைன்னு போறவங்க நிறைய பேர் இருக்குற இடம். ஒரு வாரம் காசு வரும், அடுத்த வாரம் வராது. அவங்களுக்கு உதவாத கணக்கு எனக்கும் வேண்டாம்.

முதல்ல அரிசி. 1967-ல அண்ணா ஆட்சியில ரூபாய்க்கு ஒரு படின்னு ஆரம்பிச்சது, 2008-ல கிலோ ஒரு ரூபாய் ஆச்சு, 2011 ஜூன்ல இருந்து இலவசம். நாலு பேர் இருக்குற அரிசி கார்டுக்கு மாசம் 20 கிலோ. கூடவே துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். பசியைத் தள்ளி வெச்ச பெரிய விஷயம் இது. சந்தேகமே இல்லை.

ஆனா இதே தமிழ்நாட்டுல, 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 15-ல இருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைகள்ல 57.4 சதவீதம். சோறு இருக்கு, சத்து போதலைங்கிறது இதுக்கு ஒரு முக்கியமான காரணம். அதனால கையில இருக்குற காசு, ரேஷன் தராததைத் தேடிப் போகணும்.

புரதத்தை வெச்சுப் பார்ப்போம். கணவன், மனைவி, மாமியார், அரசு தொடக்கப் பள்ளியில படிக்குற எட்டு வயசுப் பையன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2020 அளவுப்படி ஆணுக்கு நாளைக்கு 54 கிராம், பெண்ணுக்கு 46 கிராம், அந்த வயசுப் பிள்ளைக்கு 23 கிராம். மொத்தம் சுமார் 170 கிராம். ரேஷன் அரிசியில கிடைக்குறது நாளைக்கு 50 கிராம், ரேஷன் பருப்புல 7. மீதி 113 கிராமுக்கு எங்க போறது?

ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலைன்னு போட்டுப் பார்த்தேன். விலையெல்லாம் தோராயம்தான், உங்க தெருக்கடை விலையை வெச்சு நீங்களே திருத்திக்கலாம்.

ரேஷன் துவரம்பருப்பு: 14 பைசா.
கொள்ளு (கிலோ 100 ரூபாய்): 45 பைசா.
பச்சைப்பயறு (130 ரூபாய்): 54 பைசா.
வேர்க்கடலை (150 ரூபாய்): 60 பைசா.
முட்டை (6.50 ரூபாய்): ஒரு ரூபாய் சொச்சம்.
பால் (லிட்டர் 40 ரூபாய்): 1.25 ரூபாய்.
டப்பாவுல வர்ற சத்து பானம் (அரை கிலோ 250 ரூபாய், நூறு கிராமுல 10 கிராம் புரதம்னு வெச்சா): 5 ரூபாய்.

கடைசி வரிதான் எனக்கு வருத்தம். கையில காசு இல்லாத வீட்டுலயும் பிள்ளைக்காகன்னு அந்த டப்பா இருக்கும். அதே 250 ரூபாய்க்கு இரண்டரை கிலோ கொள்ளு வரும்.

இப்ப மாசக் கணக்கு. ரேஷன் சாமான் நூறு ரூபாய். அது போதாம வெளியில வாங்குற அரிசி 10 கிலோ, 500. பயறு வகை எல்லாம் சேர்த்து 8 கிலோ, 960. நாளைக்கு ரெண்டு முட்டை, 390. அரை லிட்டர் பால், 600. கீரை, காய்க்கு நாளைக்கு 40 ரூபாய்னா 1,200. எண்ணெய், புளி, மிளகாய் 400. ஆக 4,150 ரூபாய். கேஸ் தனி. கூட்டிப் பார்த்தா புரதம் சரியா 170 கிராமுக்கு வந்து நிக்குது.

பயறுக்கு இன்னொரு வசதி, கெடாது. காசு வந்த வாரத்துல மாசத்துக்கும் வாங்கிப் போட்டுடலாம். காசு வராத வாரத்துல கீரைக்கு மட்டும் பத்து இருபது தேடினா போதும். ராத்திரியே ஊறப் போட்டா கேஸும் மிச்சம். அரிசியில குறையுற லைசின்ங்கிற அமினோ அமிலம் பருப்புல இருக்கு, பருப்புல குறையுறது அரிசியில இருக்கு. பொங்கலும் சாம்பார் சாதமும் சும்மா வந்ததில்லை. முருங்கைக்கீரையோட அரை மூடி எலுமிச்சை சேர்ந்தா இரும்புச்சத்து உடம்புல நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது குறையும்; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

மிச்சம் இருக்குறது பங்கு பிரிக்குற விஷயம். ரெண்டு முட்டையை யார் சாப்பிடுறது? பெரும்பாலான வீட்டுல ஒண்ணு பையனுக்கு, இன்னொண்ணு வேலைக்குப் போற ஆம்பளைக்கு. ஆனா அந்தப் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல மத்தியானம் சத்துணவு உண்டு, வாரத்துல அஞ்சு நாள் அதுல முட்டையும் உண்டு. 1956-ல காமராஜர் மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர்ல இருந்து காலை உணவுன்னு அரசாங்கம் படிப்படியா அந்தத் தட்டை நிறைச்சிருக்கு. அவங்கம்மா தட்டுல வெளியில இருந்து யாரும் எதுவும் வைக்கிறதில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்துல மிச்சம் இருக்குறதுதான் அவங்க பங்கு. அந்த 53.4-க்குள்ள அவங்களும் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல.

அதனால என் யோசனை இதுதான். பள்ளிக்கூடம் இருக்குற நாள்ல வீட்டு முட்டை ரெண்டும் வீட்டுப் பெண்களுக்கு. சனி, ஞாயிறு, லீவு நாள்ல ஒண்ணு பையனுக்கு. ஆம்பளைக்குக் கொள்ளு ரசமும் சுண்டலும் ஒரு கரண்டி கூட. மாசச் செலவு ஒரு ரூபாய்கூட ஏறாது. முட்டை வெந்ததும் யார் தட்டுல விழுதுங்கிறது மட்டும் மாறணும்.