மோட்டார் வண்டியின் உட்காற்றுக் குழாயை வீட்டிலேயே கழற்றும் முறை

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், விதையும் உரமும் ஏற்றி வரவும், அவசர சமயத்தில் நோயாளியை வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவும் பழைய அம்பாஸடர் வண்டிகளை வைத்திருக்கும் குடியானவர்கள் இன்னும் சிலர் உளர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில் இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று ஓடும் அம்பாஸடர் எதுவும் பழைய வண்டியே. அதன் சிறு பழுதுகளைச் சொந்தக்காரரே நீக்கத் தெரிந்துகொள்வது, அறுவடைக் காலத்தில் வண்டி பட்டறையில் நாட்கணக்கில் நிற்பதைத் தவிர்க்கும். உட்காற்றுக் குழாயின் மூட்டில் காற்றுக் கசிவது அத்தகைய பழுதுகளில் ஒன்று. அக்குழாயை முதன்முறையாகக் கழற்ற முற்படுவோர் அறிய வேண்டிய விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன. இவை மேல்வால்வு அமைந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினைக் குறித்தவை. பிற்காலத்து இசூசு எஞ்சினின் அமைப்பு வேறு.

குழாயின் அமைப்பு

கார்ப்யுரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலந்து உண்டாகும் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதே உட்காற்றுக் குழாய். இதனைத் தொழிலாளர் மானிபோல்டு என்பர். எரிந்த புகையை வெளியேற்றும் புகை மானிபோல்டும் இந்த எஞ்சினில் அதே பக்கத்தில், அதாவது வண்டியின் இடப்புறத்தில், அமைந்துள்ளது. ஒரே வரிசையான ஸ்டட்டுகளும் ஒரே கேஸ்கெட்டும் இரண்டிற்கும் பொதுவானவை. ஆகையால் உட்குழாயை மட்டும் தனியே எடுத்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. புகைக் குழாயையும் கீழ் மூட்டில் விடுவித்தே தீர வேண்டும்.

நான்கு சிலிண்டர்களுக்கு எஞ்சின் தலையில் ஐந்து துவாரங்களே உள்ளன. முன்னிருந்து பின்னாக எண்ணினால் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது துவாரங்கள் புகைக்கு உரியவை. இரண்டாவதும் நான்காவதும் கலவைக்கு உரியவை. ஒவ்வொரு கலவைத் துவாரமும் இரண்டு சிலிண்டர்களுக்கு உணவளிப்பதால், ஒரே மூட்டில் கசிவு ஏற்பட்டாலும் எஞ்சினில் பாதி பலம் குன்றும்.

கசிவின் அடையாளங்கள்

நல்ல பெட்ரோல் எஞ்சின் சும்மா ஓடும்போது உட்குழாயில் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் உண்டாகிறது. மூட்டில் சிறு இடைவெளி இருப்பினும் வெளிக்காற்று அவ்வழியே இழுக்கப்படும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 15 பங்கு காற்று இருக்க வேண்டிய கலவையில் காற்று மிகுந்துவிடும். அப்பொழுது எஞ்சின் நிதானமின்றி ஓடும், சீறும் ஓசை கேட்கும், கார்ப்யுரேட்டர் வழியே சில சமயம் திருப்பி வெடிக்கும். இதனை அலட்சியம் செய்து நெடுநாள் ஓட்டினால், காற்று மிகுந்த கலவையின் வெப்பத்தால் புகை வால்வுகள் கருகிக் கெடும். சில ரூபாய் பெறும் கேஸ்கெட்டுக்காகத் தயங்கியவர் வால்வு வேலைக்குச் செலவிட நேரும்.

குழாயைக் கழற்றுமுன் கசிவு அங்கேதான் உள்ளதா என்று நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும். குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஓடவிட்டு, உடனே சிறிது சோப்பு நீரைத் தூரிகையால் உட்குழாய் மூட்டில் தடவினால், கசிவுள்ள இடத்தில் நீர் உள்ளிழுக்கப்பட்டு எஞ்சினின் ஓசை மாறும். சூடேறிய புகைக் குழாயின்மேல் நீர் பட்டால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். சிலர் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பதுண்டு. அது தீயை அழைக்கும் வழி. கார்ப்யுரேட்டரின் அடிமூட்டையும், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழலையும் இவ்வாறே பரீட்சிக்க வேண்டும். கசிவு அவற்றில் இருந்தால் மானிபோல்டைத் தொட வேண்டியதே இல்லை.

முன்னேற்பாடு

வேலைக்கு முந்தின நாள் மாலையே எல்லா நட்டுகளின்மீதும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வைப்பது நலம். முக்கியமாகப் புகைக் குழாயின் கீழ் மூட்டு நட்டுகள் வெப்பத்தாலும் துருவாலும் இறுகிக் கிடக்கும். இவ்வெஞ்சினின் நட்டுகள் அங்குல அளவில் ஆனவை. மானிபோல்டு நட்டுக்கு அரை அங்குல ஸ்பானர் தேவை. 13 மில்லிமீட்டர் ஸ்பானர் பொருந்துவது போலத் தோன்றினும் சிறிது தளர்வாகவே இருக்கும். இறுகிய நட்டில் அதனை உபயோகித்தால் முனைகள் மழுங்கிவிடும்.

வைக்கோற்போரும் மாட்டுத் தொழுவமும் அருகில் இல்லாத வெட்டவெளியில் வண்டியை நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து பள்ளங்களில் தங்கும். எனவே பீடி, சுருட்டு, அரிக்கேன் விளக்கு ஆகியவை அப்பக்கமே வரலாகாது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டுள்ளதோ அந்த முனையை முதலில் விடுவித்துவிட வேண்டும்.

கழற்றும் வரிசை

எதையும் அசைக்குமுன் கைப்பேசியால் எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்துக்கொள்ளல் பெரிதும் உதவும். கழற்றும் நட்டுகளையும் வாஷர்களையும் தனித்தனிக் கொட்டாங்கச்சிகளில் இட்டு, எந்த இடத்துடையது என்று குறித்து வைக்க வேண்டும்.

முதலில் காற்று வடிகட்டியை எடுக்க வேண்டும். எண்ணெய் நிரம்பிய வகையானால் சாய்க்கலாகாது. பின்னர் பெட்ரோல் குழலைக் கழற்றி, சொட்டும் பெட்ரோலைத் தகரப் பாத்திரத்தில் பிடித்து அப்பால் வைத்துவிட வேண்டும். அடுத்து ஆக்ஸிலேட்டர், சோக் கம்பிகளையும், அவற்றின் சுருள்வில்லையும் விடுவித்து, கார்ப்யுரேட்டரை நிமிர்ந்த நிலையிலேயே எடுக்க வேண்டும். அதன்பின் கீழே புகைக் குழாயின் மூட்டை அவிழ்த்து, குழாய் தொங்காதபடி கயிற்றால் தாங்கிக் கட்ட வேண்டும். கடைசியாக மானிபோல்டு நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

திருகாத நட்டோடு மல்லுக்கு நிற்பது கூடாது. சிறிது தளர்த்தியும் சிறிது இறுக்கியும் மாற்றி மாற்றி அசைத்து, மேலும் எண்ணெய் விட வேண்டும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் கவலையில்லை. அதனைச் சுத்தம் செய்து திரும்பத் திருகிக்கொள்ளலாம். உடைந்த ஸ்டட்டோ துளையிட்டே எடுக்கத்தக்கது. நட்டுகள் யாவும் நீங்கியபின் மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, குழாயை ஸ்டட்டுகளின் வழியே நேராக இழுக்க வேண்டும். மூட்டின் நடுவே உளியைச் செருகி நெம்பினால் முகத்தில் விழும் வடுவே பிறகு கசிவுக்கு வழியாகும்.

திறந்த துவாரங்களைக் காத்தல்

இவ்வேலை முழுவதிலும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய கட்டம் இதுவே. குழாய் நீங்கிய கணத்தில் ஐந்து துவாரங்களும் வாய் திறந்து நிற்கும். ஒரு வாஷர் கலவைத் துவாரத்தில் விழுந்து, அப்பொழுது அந்த வால்வு திறந்திருக்குமாயின், அது சிலிண்டருக்குள் போய்ச் சேரும். அறியாமல் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனும் வால்வும் சேதமடையும். ஆகவே ஐந்து துவாரங்களையும் உடனே சுத்தமான பெரிய துணிகளால், நுனி வெளியே தொங்கும்படி அடைத்து, ஐந்து என்ற எண்ணிக்கையைச் சாக்கட்டியால் எழுதி வைக்க வேண்டும். திரும்பப் பூட்டுமுன் அதே ஐந்தும் கைக்கு வந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏதேனும் விழுந்துவிட்டதாகச் சந்தேகம் தோன்றினால் எஞ்சினை அணுவளவும் சுழற்றலாகாது. இரும்புப் பொருளைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். புகைக் குழாய்க்குச் சிலர் இடும் பித்தளை நட்டு காந்தத்துக்கு அகப்படாது. அது கண்ணுக்கும் கைக்கும் எட்டாவிடில் எஞ்சின் தலையையே கழற்ற வேண்டியதுதான்.

முகங்களைச் சுத்தம் செய்தல்

பழைய கேஸ்கெட்டில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி சுவாசப்பைக்கு மிகவும் கெடுதி. உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், வாயாலோ காற்றுக் குழலாலோ ஊதுவதும் கூடா. நீரால் நன்கு நனைத்து, மழுங்கிய பித்தளைத் தகட்டால் சுரண்டி, எடுத்த துண்டுகளை ஈரத்தோடேயே பையில் கட்டி அகற்ற வேண்டும்.

பிறகு நேரான எஃகு அளவுகோலைக் குழாயின் முகங்களின்மேல் நிறுத்தி வைத்து, அதன் அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் எளிதாகவும் நுழைந்தால் முகம் வளைந்துள்ளது என்று அறியலாம். உட்குழாயும் புகை மானிபோல்டும் தனித்தனி வார்ப்பாக உள்ள எஞ்சினில், ஒரே தடித்த வாஷர் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அழுத்துகிறது. ஒரு விளிம்பு மற்றதைவிட மெல்லியதாகத் தேய்ந்திருந்தால் வாஷர் சாய்ந்து, அம்மூட்டு அழுத்தமின்றி நிற்கும். புதுக் கேஸ்கெட் இட்டும் கசிவு நிற்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

திரும்பப் பூட்டுதல்

பழைய கேஸ்கெட்டை மீண்டும் உபயோகிப்பது வீண் சிக்கனம். புதியதையே இட வேண்டும். நட்டுகளை முதலில் விரலால் திருகி, பின்பு நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்க வேண்டும். இவ்வகை எஞ்சினுக்கு ஏறக்குறைய 15 அடி-பவுண்டு இறுக்கமே போதும். அதற்கு மேற்பட்டால் ஸ்டட் நீளும் அல்லது உடையும்.

ஆக்ஸிலேட்டரை அழுத்திவிட்டால் அது தானே மூடிக்கொள்கிறதா என்று எஞ்சினைக் கிளப்புமுன் பார்க்க வேண்டும். சுருள்வில்லை மாட்ட மறந்த வண்டி பாதையில் அடங்காது ஓடும். பெட்ரோல் மூட்டுகளில் ஈரம் இல்லையென்று கண்டபின்பே பாட்டரியை இணைக்க வேண்டும். புகைக் கசிவில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் மணமற்ற விஷவாயு இருப்பதால் மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது உயிருக்கு அபாயம். ஒருமுறை நன்கு சூடேறி ஆறியபின் எல்லா நட்டுகளையும் மறுபடி சோதித்து அதே அளவுக்கு இறுக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்டட் எஞ்சின் தலையோடு ஒட்டி உடைந்தாலும், முகம் வளைந்திருந்தாலும், வார்ப்பில் வெடிப்புக் கண்டாலும் கழற்றிய பாகத்தைத் தேர்ந்த பட்டறைக்கு அனுப்புவதே உத்தமம். மற்றபடி இவ்வேலைக்கு அதிக பலமோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டியதில்லை. ஒரு மாலையும் ஒரு பகலும் ஒதுக்கி, வரிசை தவறாமல், திறந்த துவாரங்களைக் கண்ணுங்கருத்துமாய்க் காத்து வேலை செய்யும் குடியானவர் தம் வண்டியைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம். ஆயினும் முதன்முறை செய்பவர் அறுவடைக்கு முந்தைய ஓய்வு நாட்களில் இதனைத் தொடங்குவது நலம். மறுநாள் காலை சந்தைக்குப் போக வேண்டிய வண்டியை முந்தின நாள் மாலையில் பிரிப்பது விவேகமாகாது.