ஆவியைப் பிடித்த ஜாவர்

ராஜஸ்தானின் உதய்பூருக்குத் தெற்கே, ஆரவல்லி மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஜாவர். ஈயம், துத்தநாகம், வெள்ளி மூன்றும் கலந்த தாதுவை இங்கே 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே நிலத்தடியில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். பாறையைத் தீமூட்டிச் சூடாக்கி, வெடிக்க வைத்துப் பெயர்ப்பதுதான் அன்றைய முறை.

துத்தநாகம் லேசில் பிடிபடுகிற உலோகம் அல்ல. 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ 1,000 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே, பிரிந்த கணமே ஆவியாகிப் பறந்துவிடும். ஜாவர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கத்தரிக்காய் வடிவ மண் குடுவையில் தாதுக் கலவையை அடைத்து, வாயில் ஒரு மண்குழாயைப் பொருத்தி, உலையில் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். கலவை கொட்டிவிடாமல் இருக்க நடுவே ஒரு குச்சி! சூட்டில் குச்சி எரிந்துபோக, அந்த வழியே ஆவி கீழிறங்கி, குளிர்ந்து, உலோகமாகச் சேர்ந்தது. ஓர் உலையில் இப்படி 36 குடுவைகள். அசாத்தியமான மூளைதான்!

ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் இதேபோல் கீழ்நோக்கி வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1738இல். ஜாவர் உலைகள் அதற்குச் சில நூற்றாண்டுகள் மூத்தவை.

பயன்படுத்திய குடுவைகளையும் வீணாக்கவில்லை. அவற்றை அடுக்கியே வீட்டுச் சுவர்களை எழுப்பினார்கள். அந்தச் சுவர்களை ஜாவரில் பார்க்கலாம். சுரங்கமும் ஓயவில்லை: இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் அங்கே இன்றும் தாது எடுத்துக்கொண்டிருக்கிறது.