ஒளியை முந்தும் போர்த் தந்திரம்

நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் விண்வெளிக் கதைகளுள் ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஒன்று. 1987-இல் ஒளிபரப்பான ‘தி பேட்டில்’ என்னும் அதன் பகுதியில் ஓர் யுத்த தந்திரம் கூறப்படுகிறது. பிக்கார்ட் என்னும் தலைவர், தம் கப்பலை ஒளியினும் விரைவாகச் செலுத்தி, எதிரியின் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார். பழைய இடத்திலிருந்து புறப்பட்ட ஒளி அப்போதும் வந்துகொண்டிருப்பதால், எதிரிக்கு இரண்டு கப்பல்கள் தோன்றுகின்றன. அவன் திகைக்கும் வேளையில் பிக்கார்ட் சுட்டுவிடுகிறார்.

இது நடைமுறைக்கு ஒக்குமா? ஒளி வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எதிரி அத்தனை தொலைவில் இருந்தால் இம்மாயம் ஒரு வினாடியே நீடிக்கும். பத்து வினாடி நீடிக்க 30 லட்சம் கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். அப்போது வேறோர் இடர் எழுகிறது. பாய்பவர் காண்பதும் எதிரியின் பத்து வினாடிக்கு முந்தைய நிலையே. அதற்குள் எதிரி விலகியிருந்தால் வெற்றிடத்தில் போய் நிற்பார். குறுக்கே வந்திருந்தால் மோதுவார்.

இரயில்வேயில் ஒற்றைப் பாதையில் ‘லைன் கிளியர்’ பெறாமல் வண்டி புறப்படுவதில்லை. வண்டிக்கு முன்னே செய்தி செல்வதே அதன் காப்பு. செய்தியை வண்டி முந்துமாயின் அக்காப்பு இல்லை.

நிறையுள்ள எப்பொருளும் ஒளியின் வேகத்தை எட்டாது என்பது 1905-இல் ஐன்ஸ்டைன் வகுத்த கொள்கையின் முடிவு. ஆகவே இத்தந்திரம் கதையளவில் நிற்கிறது. கதையை ரசிக்கும் பிள்ளைகளுக்கு இக்கணக்கையும் சொல்லிவைப்போமாக.