ஏழுகல் தோடு

சென்னைக்கு மேற்கே, ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் சாலையில் உள்ள பருத்திப்பட்டு நான் வாழும் ஊர். எங்கள் ஊரில் வைரம் விளைவதில்லை. ஆயினும் மாலை வேளையில் ஏரிக்கரையில் உலாவ வரும் மூதாட்டியர் சிலர் காதில் ஏழுகல் தோடு மின்னுவதைக் காணலாம். நடுவே ஒரு கல், அதைச் சுற்றி ஆறு கல். பார்ப்பதற்கு எளிய பூப்போல இருக்கும் இவ்வணி எவ்வாறு உருவாகிறது என்பதை இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வைரம் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரைக் கடைவீதியின் மணிகளைக் கூறும் இளங்கோவடிகள், வைரத்துக்குரிய குற்றங்கள் நான்கினைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். காக்கையின் கால்போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என்பன அவை. இன்று உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வணிகர் தேடுவதும் ஏறத்தாழ இவற்றையே அன்றோ! 18-ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டில் வைரம் கண்டுபிடிக்கப்படும் வரை உலகுக்கு வைரம் வழங்கிய பெருநிலம் இந்தியாவே. கிருஷ்ணை ஆற்றங்கரைச் சுரங்கங்களில் எடுத்த கற்கள் சென்னைக் கோட்டை வழியாகவும் ஐரோப்பா சென்றன. ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்று ஒன்று உண்டு. மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொணர்ந்து, ஈடாக வைரம் வாங்கிச் சென்ற யூத வணிகர் வாழ்ந்த தெரு அது. சென்னையின் ஆளுநராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட் இங்கு வாங்கிய கல் 410 காரட் எடையுள்ளது. இலண்டனில் பட்டை தீட்டி முடித்தபோது அதன் முதன்மைக் கல் சுமார் 141 காரட்டாகக் குறைந்திருந்தது. 1717-இல் பிரெஞ்சு நாட்டுக்கு விற்கப்பட்ட அக்கல் இன்று பாரிசின் லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது.

எடையில் மூன்றில் இரு பங்கை இழந்து ஏன் பட்டை தீட்ட வேண்டும்? வைரத்துக்குள் புகும் ஒளி மிகுதியாக வளைகிறது. அதன் ஒளிவிலகல் எண் 2.42. அடிப்பக்கப் பட்டைகள் சரியான சாய்வில் இருந்தால், புகுந்த ஒளி கீழே கசிந்து போகாமல் உள்ளேயே எதிரொளித்து, மேல்முகத்தின் வழியே நம் கண்ணுக்குத் திரும்பும். சாய்வு பிழைத்தால் கல் கண்ணாடித் துண்டாகவே தோன்றும். வைரத்தை வைரப் பொடியால்தான் தீட்ட முடியும். இந்த வேலை இப்போது பெரும்பாலும் சூரத்து நகரில் நடைபெறுகிறது.

நம் நாட்டுத் தாய்மார் பெரிதும் விரும்பிக் கேட்பது ‘புளூ ஜாகர்’ என்னும் கல். பெயரைக் கேட்டு அது ஏதோ சாதி என்று எண்ணுவோர் பலர். தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பான்டைன் என்ற சுரங்கம் இருந்தது. அதன் கற்கள் சில வெயிலில் நீல ஒளி வீசும். அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் நம் நகைக்கடைகளில் இன்னும் வாழ்கிறது. ஆகவே அப்பெயரைச் சொல்லி ஒருவர் விலை கூறினால், பெயருக்கன்று, கல்லுக்கே விலை கொடுப்பது நலம்.

இனித் தோட்டுக்கு வருவோம். முதல் வேலை தாளில் படம் வரைவது. ஒரு வட்டத்தைச் சுற்றி அதே அளவுள்ள வட்டங்களை ஒன்றையொன்று தொடுமாறு வைத்தால், சரியாக ஆறு அடங்கும். நாணயங்களை மேசைமேல் வைத்து நீங்களே பார்க்கலாம். நடுக்கல் சற்றுப் பெரிதானால் சுற்றுக் கற்களுக்கிடையே இடைவெளி விழும்; சிறிதானால் ஆறும் அதைத் தொட்டு நிற்க இடம் போதாது. ஏழுகல் தோட்டின் அழகு இந்தக் கணக்கில் இருக்கிறது. எனவே இரு காதுக்கும் பதினான்கு கற்கள் ஒரே அளவிலும் ஒரே நிறத்திலும் அமைய வேண்டும். மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கல் ஏறத்தாழ பத்து சென்ட், அதாவது காரட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு காரட் 200 மில்லிகிராம். ஆக, பதினான்கு கல்லும் சேர்ந்து 280 மில்லிகிராம்தான். அளவில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு கூடினால் எடை நூற்றுக்குப் பத்து கூடிவிடும். கற்களைப் பொறுக்கிச் சேர்ப்பதற்கே நாள் பல ஆவதில் வியப்பில்லை.

அடுத்தது பொன். இருபத்திரண்டு காரட் பொன் என்றால் இருபத்து நான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம்; மற்றவை வெள்ளியும் செம்பும். மூசையில் உருக்கி, கட்டியாக வார்த்து, தட்டித் தகடாக்குவர். தட்டத் தட்டப் பொன் விறைக்கும். விறைத்த பொன்னை மேலும் தட்டினால் வெடிக்கும். ஆகையால் அவ்வப்போது சிவக்கக் காய்ச்சி இளக்கிக்கொள்ள வேண்டும். கம்பியச்சின் துளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கம்பியை மெல்லியதாக்குவர். தகட்டுக் கீற்றை வளைத்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு கூடு செய்வர். ஏழு கூட்டையும் பூவாகச் சேர்த்து, வெண்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் தீயைச் செலுத்திப் பற்றவைப்பர். பொடி என்பது பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை. முதற் பற்றுக்கு வைத்த பொடியைக் காட்டிலும் அடுத்த பற்றுக்கு வைப்பது இன்னும் எளிதில் உருக வேண்டும். இல்லையேல் பின்னதை ஒட்டும்போது முன்னது கழன்றுவிடும். கடைசியாகப் பின்புறத்தில் திருகு ஏறும். அதற்கு ஏற்ற சுரையைத் தனியே கடைவர்.

இத்தனையும் கல் இல்லாமலே நடைபெறும். வைரம் என்பது கரி. காற்றில் ஏறத்தாழ 850 டிகிரிச் சூட்டில் அது எரியத் தொடங்கும். பழுது பார்க்கும்போது கல்லை எடுக்காமல் அவசரமாகத் தீ காட்டியதால் முகம் மங்கிப்போன வைரங்கள் உண்டு.

கல் பதிக்கும் வேலையைக் காண, தங்கசாலைத் தெருவை அடுத்த சந்தில் ஒரு பட்டறையில் அரைநாள் அமர்ந்திருந்தேன். தோட்டின் சட்டத்தை அரக்கில் பதித்து அசையாமல் நிறுத்தியிருந்தார் ஒரு பெரியவர். கூட்டின் உள்விளிம்பை உளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவி, கல் அமரும் படியை வெட்டினார். கல்லை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடியும் சீவினார். ஏழு கல்லின் முகமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் அது மட்டும் இருண்டு தெரியும். பிறகு விளிம்புப் பொன்னை எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி அழுத்திக் கல்லின் மேல் மடித்தார். “ஐயா, வைரம்தான் எல்லாவற்றிலும் கடினமான பொருள் ஆயிற்றே, இவ்வளவு அச்சம் ஏன்?” என்று கேட்டேன். “கீறல் விழாது தம்பி, ஆனால் பிளக்கும்” என்றார். கடினம் வேறு, முறியாமை வேறு என்று நாம் பாடநூலில் படிப்பதை அவர் சில சொற்களில் முடித்துவிட்டார். வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அத்திசையில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தால் போதும். ஒரு குடும்பம் பல ஆண்டு சேமித்த பணம் அக்கல்லில் இருக்கிறது. உடைந்தால் அதை ஈடு செய்யும் வசதி பெரும்பாலான தொழிலாளருக்கு இல்லை.

மென்மையான பொன் இங்கே எவ்வளவு உதவி என்பதை எண்ணிப் பாருங்கள். 1963-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, புதிய நகைகள் பதினான்கு காரட்டுக்கு மேல் இருத்தலாகாது என்றனர். அந்நியச் செலாவணியைக் காப்பது நோக்கம். ஆனால் பதினான்கு காரட் பொன் விறைப்பானது, கைப்பழக்கத்துக்கு அடங்காதது, வாங்குவோரும் அதை விரும்பவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டவரும் உண்டு. அந்தக் காரட் வரம்பு பின்னர் நீங்கியது. 1968-இல் இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமோ 1990-இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் தொழிலை விட்டுச் சென்ற கைகள் திரும்பி வரவில்லை. இன்று கணினியில் படம் வரைந்து, மெழுகில் அச்செடுத்து, சட்டத்தை ஒரே வார்ப்பில் எடுத்துவிடுகிறார்கள். அதைக் குறை கூற நான் துணியேன். அளவு பிசகாமல் வருகிறது. எனினும் சிறந்த கல்லைப் பதிக்கும் வேலை இன்றும் கையிடமே வருகிறது.

பழைய தோடுகளின் பின்புறம் பொன்தகட்டால் மூடியிருக்கும். எண்ணெயும் அழுக்கும் உள்ளே புகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் உள்ளே இருக்கும் குற்றமும் வெளியே தெரியாது. திறந்த அமைப்பில் கல்லை இருபுறமும் பார்க்கலாம். அழுக்குச் சேர்வதும் எளிது. வாங்கும்போது எனக்குத் திறந்த அமைப்பே ஏற்றதாகத் தோன்றுகிறது.

பதித்து முடிந்ததும் அரக்கை இளக்கித் தோட்டை எடுத்து, அரத்தின் தடம் போக மெருகிடுவர். பின்பு பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்லிய தூரிகையால் கழுவுவர். வைரம் நீரை ஒட்டவிடாது. எண்ணெய்ப் பசையை மட்டும் விடாது பற்றிக்கொள்ளும். சுரங்கங்களில் பசை தடவிய மேசைமீது மணலையும் நீரையும் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்தது இந்தக் குணத்தைக் கொண்டே. தலைக்கு எண்ணெய் தடவும் நம் வீடுகளில் தோடு மங்குவதற்கும் அதுவே காரணம். கழுவிய தோட்டைப் பெரியவர் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். கல் ஏதேனும் தளர்ந்திருந்தால் உள்ளே ஒலி கேட்குமாம். ஒலி எழவில்லை. எடையைக் குறித்துக்கொண்டு, மேசையிலும் தரையிலும் சிந்திய பொன்துகளைத் தூரிகையால் கூட்டித் தகரப் பெட்டியில் இடத் தொடங்கினார்.