பேனர் விழுந்தா யார் காசு கொடுக்கணும்? கவனக்குறைவும் இழப்பீடும்

தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்துல இருந்து ஓஎம்ஆர் ஆபீஸுக்கு டூவீலர்ல போறவங்களுக்கு பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோடு நல்லா தெரியும். 2019 செப்டம்பர் 12 அன்னைக்கு, வேலை முடிஞ்சு அந்த ரோட்டுல ஸ்கூட்டர்ல வீட்டுக்கு வந்துட்டு இருந்த 23 வயசு சாஃப்ட்வேர் இன்ஜினியர் மேல, பள்ளிக்கரணையில ஒரு கல்யாண பேனர் விழுந்தது. நிலைதடுமாறி கீழ விழுந்தவங்க மேல பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்துக்கு அரசு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கணும், அந்தத் தொகையைப் பொறுப்பான அதிகாரிகள்கிட்ட வசூலிக்கலாம்னு உத்தரவு போட்டது.

பேனர் வெச்சவர் ஒருத்தர், லாரி ஓட்டினவர் இன்னொருத்தர். அப்புறம் ஏன் அதிகாரிங்க? இதுக்குப் பதில்தான் 'நெக்லிஜென்ஸ்', அதாவது சட்டப்படியான கவனக்குறைவு. கோர்ட் நாலு கேள்வி கேட்கும்:

1. கவனமா இருக்கவேண்டிய கடமை இருந்ததா? ரோட்டுல பேனர் கட்டறவருக்கு, கீழ போறவங்க மேல அந்தக் கடமை உண்டு. அனுமதியில்லாத பேனரை எடுக்கவேண்டிய அதிகாரிக்கும் உண்டு.
2. அந்தக் கடமையில தவறினாங்களா?
3. அந்தத் தவறாலதான் இது நடந்ததா?
4. நிஜமான இழப்பு இருக்கா?

நாலுக்கும் 'ஆமாம்'னா, இழப்பீடு கொடுக்கணும். வேணும்னே செஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

ரெண்டு விஷயம் குழப்பிக்காதீங்க. ஜெயில், அபராதம் எல்லாம் கிரிமினல் வழக்கு. அதுல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். இழப்பீடு சிவில் விவகாரம். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு பார்த்தாலே போதும். அதனால கிரிமினல் கேஸ்ல ஒருத்தர் விடுதலையானாலும், இழப்பீட்டுக் கேஸ் தனியா நிக்கும்.

அடுத்தது முதலாளி பொறுப்பு. வேலை நேரத்துல, வேலைக்காக வண்டி ஓட்டுற டிரைவர் தப்பு பண்ணினா, வண்டி ஓனரும் பொறுப்பு. ஓனருக்குப் பதிலா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். பிசினஸ் பண்றவங்க இதை மறக்கவே கூடாது.

சரி, தொகையை எப்படி கணக்கு போடுவாங்க? வாகன விபத்துன்னா மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல மனு போடணும். விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள போட்டுடறதுதான் பாதுகாப்பு. ஒரு உதாரணம் பாருங்க. 24 வயசு, கல்யாணம் ஆகாதவர், நிரந்தர வேலை, மாசம் 30,000 ரூபாய் சம்பளம்.

வருஷத்துக்கு 3,60,000. எதிர்கால உயர்வுக்கு 50% சேர்த்தா 5,40,000. சொந்தச் செலவுன்னு பாதியைக் கழிச்சா 2,70,000. இந்த வயசுக்குப் பெருக்கல் எண் 18. மொத்தம் 48,60,000 ரூபாய். இறுதிச் சடங்கு மாதிரி சில தொகைகள் தனி.

அதே ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும்தான் ஆதாரம் இருக்குன்னு வைங்க. கணக்கு 24,30,000ல நின்னுடும். கையில ரொக்கமா வாங்குற சம்பளம் இப்படித்தான் குடும்பத்தைக் கைவிடும். பே ஸ்லிப், ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எங்க இருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்காவது தெரியணும்.

இப்போ கதையைத் திருப்பிப் போடுங்க. தப்பு உங்க பக்கம் இருந்தா? தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம மாட்டினா முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய்தான்னு நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. ஆனா ஒருத்தர் மேல மோதிட்டீங்கன்னா, மேல பார்த்த அந்த 48 லட்சம் உங்க சேமிப்பு, சொத்துல இருந்து போகும். பாலிசி இருந்தா, அடுத்தவங்க உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் சொல்ற முழுத் தொகையையும் கம்பெனி பார்த்துக்கும். ஓட்டுறவர்கிட்ட லைசென்ஸ் இல்லேன்னா, கட்டின காசை உங்ககிட்டயே திருப்பிக் கேட்கலாம்.

எஸ்ஐபி, பிஎஃப் எல்லாம் அப்புறம். முதல்ல வண்டி பாலிசி எந்தத் தேதியில முடியுதுன்னு இன்னைக்கே பாருங்க.