வாடகைக் கணினியும் பொதுக் குறிப்பேடும்

பலர் கூடி ஒரு சாதனத்தைப் பயன்படுத்துமிடத்து, அங்கத்தினர் எத்தனை பேர் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் அதன் முன் வந்து நிற்பர் என்பதே முதலில் அறிய வேண்டுவது. பாவு சுற்றும் யந்திரத்திற்கும் வாடகை டிராக்டருக்கும் இது பொருந்துவதை நம் வாசகர்கள் நன்கறிவர். கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பரவிவரும் பொதுக் கணினிக் குறிப்பேட்டுக்கும் இதுவே பொருந்தும். நெசவாளர், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளும் இன்று இத்தகைய குறிப்பேட்டில் பாடம் பயில்கின்றனராகையால், அதன் செலவுக் கணக்கை இங்கே சற்று ஆராயலாம்.

ஜுப்பிட்டர் என வழங்கும் இக்குறிப்பேட்டில் விளக்க உரையும், கணக்கிடும் கட்டளையும், அதன் விடையும், வரைபடமும் ஒரே தாளில் அடுத்தடுத்து அமைகின்றன. பெர்னாண்டோ பெரஸ் என்னும் விஞ்ஞானி 2001-இல் தொடங்கிய மென்பொருள் முயற்சியொன்று வளர்ந்து 2014-இல் இப்பெயர் பெற்றது. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை, 2015-இல் எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவாகத் தரவு விஞ்ஞானப் பாடம் ஒன்றைத் தொடங்கி, அதனை இக்குறிப்பேட்டிலேயே நடத்தி வருகிறது. மாணவர் தம் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவியைத் திறந்தால் போதும், கணக்கு வேறிடத்திலுள்ள யந்திரத்தில் நடைபெறும். மேகக் கணிமை என்று பெயர் பெரிதாயிருப்பினும், பொருள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் யந்திரம் என்பதே. விலையுயர்ந்த கணினி உடையவரும் பழங்கணினி உடையவரும் இதனால் ஒரே கணக்கை ஒரே வசதியுடன் போடுகின்றனர். அச்சமத்துவம் நிலைப்பது மாத வாடகையைத் தவறாது செலுத்த இயலுவதைப் பொறுத்தது.

வாடகையில் நாம் முக்கியமாக விலை கொடுப்பவை கணக்கிடும் செயலி, கணக்கின்போது எண்களைத் தாங்கும் நினைவகம், தாள்களைச் சேமிக்கும் வட்டு ஆகியவை. செயலியைப் பற்றிப் பலரும் வீணே அஞ்சுகின்றனர். மாணவர் பெரும்பாலான நேரம் படித்துக்கொண்டோ யோசித்துக்கொண்டோ இருக்கிறார். அப்பொழுது செயலி வேறொருவருக்கு உழைக்கும். நெருக்கடி வந்தால் விடை சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே. நினைவகமோ அத்தகையதன்று. ஒருவர் ஏற்றிவைத்த எண்கள், அவர் சும்மா இருக்கும்போதும் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். இடம் தீர்ந்துவிட்டால் தாமதம் என்பதே இல்லை. நடந்துகொண்டிருந்த கணக்கு நடுவில் நின்றுபோகும். ஆகவே திட்டம் நினைவகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

நூறு பேர் வரையுள்ள வகுப்புகளுக்கென ஜுப்பிட்டர் திட்டத்தார் வகுத்துள்ள சிறிய அமைப்பின் வழிகாட்டி ஓர் எளிய சூத்திரம் தருகிறது. ஒரே நேரத்தில் வருவோர் தொகையை, ஒருவருக்கு அனுமதிக்கும் நினைவக அளவால் பெருக்கி, 128 மெகாபைட் கூட்டிக்கொள்வது. ஒரே நேரத்தில் வருவோர், மொத்தப் பதிவில் 40 முதல் 60 சதவீதம் எனத் தொடக்கத்தில் கொள்ளலாம். 100 மாணவர், ஆளுக்கு 1 ஜிகாபைட் எனில், 60 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. 64 ஜிகாபைட் யந்திரம் ஒன்று போதும். பதிவேட்டை மட்டும் பார்த்து 100 கேட்பவர், அடுத்த அளவான 128-ஐ எடுத்து ஏறக்குறைய இரு மடங்கு செலுத்துவார். வட்டின் கணக்கு இதற்கு நேர்மாறு. வராதவரின் தாளும் அங்கேயே இருக்குமாதலால், அதற்கு மொத்தப் பதிவையே கொள்ள வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவில் இந்த 60 சதவீதத்தை நம்ப இயலாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரத்திற்கு மட்டும் யந்திரத்தை நிறுத்திப் பெரியதாக மாற்றிக்கொண்டு, பின்னர் பழைய அளவுக்குத் திரும்பலாம். வாடகை முறையின் உண்மையான நன்மை இதுவே.

ஆளுக்கு 1 ஜிகாபைட் என்பது எங்கிருந்து வந்தது? ஊகித்து எழுதும் இந்த ஓர் எண்ணே மதிப்பீடுகளைப் பெரும்பாலும் கெடுக்கிறது. ஆசிரியர் தம் பாடத்தின் மிகக் கனமான தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓடவிட்டு, நினைவகம் எவ்வளவு உயர்ந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வட்டில் 100 மெகாபைட்டாக உள்ள அட்டவணை நினைவகத்தில் ஏறும்போது பல மடங்கு பெருகுவதுண்டு. தேவையற்ற பத்திகளை விடுத்து ஏற்றினாலே பாதிச் சுமை குறைந்துவிடலாம். யந்திரத்தைப் பெரிதாக்குவதைவிடத் தாளைத் திருத்துவது மலிவு. அளந்த பின் ஒவ்வொருவருக்கும் உச்ச வரம்பு விதித்தல் அவசியம். வரம்பில்லாவிடில் ஒருவரின் பிழையான கட்டளை அத்தனை பேரின் வேலையையும் நிறுத்திவிடக் கூடும்.

தணிக்கைக்குச் செல்லுமிடத்தில் நான் பேரேட்டுக்கு முன் மின்சாரச் சீட்டைக் கேட்பது வழக்கம். ஆளில்லா அறையில் விளக்கு எரிந்ததை அது சொல்லிவிடும். வாடகைக் கணினியின் சீட்டும் அத்தகையதே. 30 நாள் மாதத்திற்கு 720 மணி. நாள்தோறும் 10 மணி வீதம் 25 நாள் நடத்தினால் 250 மணி; வாடகை மூன்றிலொரு பங்காகக் குறையும். வட்டின் வாடகை மட்டும் யந்திரம் நின்றபோதும் ஓடும். சும்மா கிடக்கும் குறிப்பேட்டைத் தானே மூடிவிடும் வசதியும் உண்டு. மேற்சொன்ன சிறிய அமைப்பு 10 நிமிடத்தில் மூடிவிடும். தாள் வட்டில் இருக்கும். நினைவகத்திலிருந்த எண்கள் மட்டும் போய்விடும். உணவருந்திவிட்டு வருபவர் எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட நேருமாதலால், ஒரு மணி நேரம் விடுவதே நியாயம் என்பது என் கருத்து.

பெரிய நிலையங்கள் குபெர்னெட்டிஸ் என்னும் ஏற்பாட்டின்மூலம், கூட்டத்துக்கேற்ப யந்திரங்களைச் சேர்த்தும் நீக்கியும் வருகின்றன. புதிய யந்திரம் ஆயத்தமாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். காலையில் வகுப்பு முழுவதும் ஒன்றாக நுழையும்போது அந்நிமிடங்கள் நீண்டவை. இதற்காகவே ஆளில்லாத போலி இருக்கைகளை முன்னதாகப் போட்டுவைப்பர். மெய்யான மாணவர் வந்ததும் போலி விலகி இடம் தரும். ஏற்பாடு சிறந்ததே. ஆயினும் அதைப் பேணத் தேர்ந்த ஆள் வேண்டும். அவர் ஊதியம் வாடகையை மிஞ்சக் கூடும். நூறு பேருக்கு உட்பட்ட இடத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சிய யந்திரங்களை மலிவாக விடும் முறையை அமேசான் நிறுவனம் 2009 முதல் நடத்துகிறது. தனக்குத் தேவைப்பட்டால் 2 நிமிட அறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரவில் தனியே ஓடும் கணக்குக்கு இது ஏற்றது, வகுப்புக்கு ஆகாது. நன்கொடையையும் எச்சரிக்கையுடனேயே வரவு வைக்க வேண்டும். எவரும் பிறர் குறிப்பேட்டைத் திறந்து ஓட்டிப் பார்க்க உதவும் பைண்டர் என்னும் பொதுச் சேவை, கூகிள் நிறுவனம் நெடுநாள் அளித்துவந்த உதவி 2023-இல் முடிவுற்றதும் தன் கொள்ளளவைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. முதலாண்டு இலவச உதவி பெறுவோர், இரண்டாம் ஆண்டின் முழு வாடகையையும் பக்கத்துப் பத்தியில் இன்றே எழுதிப் பார்ப்பது நலம்.

செலவு குறித்த தொகையைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதியும் இவ்வாடகை நிறுவனங்களிடம் உண்டு. அது சாதாரணமாகச் செய்தி அனுப்புமேயன்றி யந்திரத்தை நிறுத்தாது. ஆகையால் அச்செய்தி யாருக்குச் செல்லும், அவர் விடுப்பிலிருக்கும்போது யந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை, யந்திரம் எடுக்கும் தீர்மானத்துடனேயே தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும்.