வாயை மூடுங்க சார்!

உங்க ஆபீஸில் பக்கத்து ஸீட் பையனிடம், ''அந்த ஃபைல் என்னாச்சு தம்பி?'' என்று கேட்கிறீர்கள். பதில் இல்லை. ஒரு விரலை உதட்டில் வைத்து 'உஷ்' காட்டுகிறான். அப்புறம் அதே விரலால் காதுக்குக் கீழேயிருந்து முகவாய் வரை ஒரு கோடு இழுக்கிறான். பயந்துடாதீங்க! காத்து, கருப்பு எதுவும் இல்லை. பையன் 'மியூயிங்' பண்ணுகிறான். வாயைத் திறந்தால் தவம் கலைந்துவிடும்!

உதட்டை மூடி, பல்லோடு பல் லேசாகத் தொட, நாக்கு முழுவதையும் மேல் அண்ணத்தில் அப்பி வைத்துக்கொள்வதுதான் மியூயிங். மாசக்கணக்கில் இப்படி இருந்தால் தாடை உளியால் செதுக்கின மாதிரி ஆகிவிடும் என்று செல்போன் வீடியோக்கள் சத்தியம் செய்கின்றன. கூடவே, தாடைப் பயிற்சிக்கென்று ரப்பர் உருண்டை, பல்லைப் பதம் பார்க்கும் கெட்டி சூயிங்கம் என்று வியாபாரமும் ஜோர். (நான் பி.காம். எங்கே கூட்டம் கூடினாலும், கல்லாப்பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்!)

பெயருக்குச் சொந்தக்காரர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு அப்பாவும் பிள்ளையும். அப்பா ஜான் மியூ, மகன் மைக் மியூ. இருவருமே பல் சீரமைப்பு டாக்டர்கள். 'தாடை ஒடுங்குவதற்கும் பல் கோணுவதற்கும் பரம்பரையைவிட, வாயும் நாக்கும் இருக்கிற இருப்புதான் காரணம்' என்பது அப்பாவின் கட்சி. க்ளிப் மாட்டுகிற சக டாக்டர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டு. 2017-ல் அப்பாவின் லைசென்ஸ் போனது. இரண்டு குழந்தைகளுக்குக் கொடுத்த சிகிச்சை பற்றி நடந்த விசாரணைக்குப் பிறகு, 2024 நவம்பரில் மகனின் பெயரையும் டாக்டர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

''அப்போ எல்லாமே டுபாக்கூரா சார்?''

அவசரப்படாதீங்க. மூச்சு, மெல்லுவது, நாக்கு மூன்றும் சேர்ந்து தாடையை மாற்றும் என்பதில் உண்மை இருக்கிறது. 'எந்த வயசில்?' என்பதுதான் கேள்வி.

சான் பிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எகில் ஹார்வோல்ட் என்று ஒரு ஆராய்ச்சியாளர். வளரும் பருவத்துக் குரங்குகளைப் பிடித்து, மூக்குத் துவாரங்களில் அடைப்பான் வைத்துவிட்டார். (பாவம்தான்!) வேறு வழி? வாயால் மூச்சு விட்டன. சில குரங்குகள் தாடையைத் தொங்கப்போட்டன. சில நாக்கை வெளியே தள்ளின. ஆளுக்கொரு டெக்னிக்! கடைசியில் பல்வரிசையும் முகமும் ஆளுக்கொரு தினுசாகக் கோணிப்போயின. 1981-ல் இதை விவரமாக வெளியிட்டார்.

காரணம் சுலபம். மேல்தாடையை இரண்டு பக்கமும் கன்னம் உள்நோக்கி அமுக்குகிறது. உள்ளேயிருந்து நாக்கு முட்டுக் கொடுக்கிறது, பந்தலுக்குக் கொம்பு மாதிரி. மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் நாக்கு கீழே இறங்கும். முட்டு போச்சு! தாடை ஒடுங்கி, அண்ணம் கோபுரமாக உயரும். பற்கள் காலை ஒன்பது மணி டவுன் பஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். முகமும் நீளும். (பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. மூக்கடைத்த குழந்தைகள் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை.)

மெல்லும் கதைக்கு வருவோம். ஹைராக்ஸ் என்று ஒரு பிராணி. சைஸில் முயல், ஆனால் யானைக்குத் தூரத்துச் சொந்தம்! ஹார்வர்டில் டேனியல் லீபர்மேனும் குழுவினரும் சில குட்டிகளுக்கு வேகவைத்த மெத்து உணவும், சிலவற்றுக்குக் கடினமான உணவும் கொடுத்து வளர்த்தார்கள். 2004-ல் வெளியான முடிவு: மெத்தென்று சாப்பிட்டவற்றின் முகத்தில், கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் சுமார் 10 சதவீதம் குறைவாக வளர்ந்திருந்தன.

'அது மிருகம் சார், மனுஷன்?' என்பீர்கள். ராபர்ட் கொருச்சினி என்ற மானிடவியலாளரும் கூட்டாளிகளும் நம்ம நாட்டிலேயே, பஞ்சாபி இளைஞர்களை கிராமம், நகரம் என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒரே இனம்தான். ஆனாலும், கடித்து மென்று சாப்பிடும் கிராமத்துப் பிள்ளைகளைவிட நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் பல்வரிசைக் கோளாறு அதிகம். இது 1983-ல் வெளியானது. பாட்டி செய்த பொருவிளங்காய் உருண்டையைக் கடிக்க முடியாமல் சுவரில் அடித்து உடைத்தோமே, அதுவும் ஒருவகையில் தாடைக்கு ஜிம்தான்!

என் அக்கா பையனுக்கு வயசு ஆறு. தூங்கும்போது வாய் 'ஆ'வென்று திறந்திருக்கும். குறட்டை அடுத்த ரூமுக்குக் கேட்கும். காலையில் எழுந்தால் நாள் பூரா சிடுசிடுப்பு. டாக்டரிடம் காட்டச் சொன்னால், ''போடா, அவங்க அப்பா ஊரே கேக்குற மாதிரி விடுவார். ரத்தத்துல வந்தது'' என்றாள் அக்கா. இருமல் வந்து டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு சதை வீங்கி, பாதையில் முக்கால்வாசியை அடைத்திருந்தது. கொஞ்ச நாள் மூக்கில் ஸ்ப்ரே அடித்தார்கள். கேட்கவில்லை. ஆபரேஷன் என்றதும் அக்கா ஒரே அழுகை. ''இத்தனூண்டு பிள்ளைக்குக் கத்தியா?''

நல்லபடியாக முடிந்தது. வீக்கமெல்லாம் வடிந்த பிறகு ஒருநாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். ''டேய், ராத்திரி அவன்கிட்டேயிருந்து சத்தமே வரலேடா. பயந்துபோய் எழுந்து, மூக்குல விரல் வெச்சுப் பார்த்தேன். வாயை மூடிண்டு சமத்தா தூங்கறான்!''

ஸ்வீடனில் லிண்டர்-ஆரன்சன் என்ற டாக்டர் 1970-களில் இப்படிப்பட்ட குழந்தைகளைத்தான் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். சதையை எடுத்து, மூக்கால் மூச்சு விடத் தொடங்கியவர்களுக்குப் பல்வரிசையும் முகவளர்ச்சியும் ஓரளவு இயல்பை நோக்கித் திரும்பியதைப் பார்த்தார். எலும்பு அப்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்ததே, அதுதான் ரகசியம்.

நம்ம கேஸ் அப்படியில்லை சார். முகவளர்ச்சியில் பெரும்பங்கு மீசை முளைக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. ஆண்களுக்குக் கீழ்த்தாடை பதினெட்டு, இருபது வரை கொஞ்சம் வளரும். அப்புறம் லெட்ஜர் க்ளோஸ். 31 மார்ச் தாண்டிய கணக்கில் புது என்ட்ரி போட முடியுமா? வளர்ந்தவர்களுக்கு மியூயிங் எலும்பை மாற்றும் என்று காட்டும் ஒழுங்கான ஆய்வு எதுவும் இல்லை. ரப்பரைக் கடித்தால் தசை கொஞ்சம் புடைக்கலாம். அளவு மீறினால் தாடை மூட்டில் வலி வந்து இட்லியைக்கூட மெல்ல முடியாது.

அதற்காக மூக்கைக் கைவிடாதீங்க. தூசியை வடிகட்டி, காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிற ஏ.சி. மெஷின் அது. மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு உற்பத்தியாகிறது என்பதை 1995-ல் ஸ்டாக்ஹோமில் கண்டுபிடித்தார்கள். அது ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். வாயால் இழுத்தால் அந்த போனஸ் கட்!

தினமும் பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் ஃபைல்மேல் தூக்கம்... இவை இருந்தால் கேலியாக விட்டுவிடாதீங்க. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் வியாதியாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தைக் கிளப்பும், இதயத்தையும் படுத்தும். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. வீடியோவைப் பார்த்து ராத்திரி வாயில் டேப் ஒட்டிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்கும் அடைத்திருந்தால் நிலைமை விபரீதமாகிவிடும்.

கண்ணாடி முன்னால் தாடையைத் தடவுகிற நேரத்தில், வீட்டில் தூங்குகிற குட்டிப்பயலின் முகத்தை ஒரு தரம் பாருங்க. தினம் தினம் வாய் திறந்திருக்கிறதா, குறட்டை விடுகிறதா, புரண்டு புரண்டு படுக்கிறதா? 'வளர்ந்தா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால், 'சரியில்லாமலே வளர்ந்துட்டா?' என்று திருப்பிக் கேளுங்க. அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ, யாராக இருந்தாலும் சரி... அந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறங்க சார்!